வானத்துக்கு ஒரே ஒரு தேர்வு

விமானியாகும் தகுதி யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று விமானப்படையின் கணிப்பொறி ஒரு நாளில் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அது எந்த அளவுக்குச் சரியான தீர்ப்பு?

இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர விரும்பும் இளைஞர், வயது வரம்பு இடம் கொடுக்கும் வரை தேர்வு வாரியத்தின் கதவைத் திரும்பத் திரும்பத் தட்டலாம். முதல் முறை நேர்முகத்தில் உளறிக்கொட்டியவர் இரண்டாம் முறை சமாளித்துவிடுவார். குழு விவாதத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர் அடுத்த ஆண்டு மேஜையைத் தட்டிப் பேசுவார். நான்காவது, ஐந்தாவது முயற்சியில் தேறி, பிறகு தோள்பட்டையில் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனவர்கள் ஏராளம். ஆனால் விமானி ஆக வேண்டும் என்று வருகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு தேர்வு வைக்கப்படுகிறது. அதில் இந்தத் தாராளம் எல்லாம் இல்லை. வாழ்நாளில் ஒரு முறைதான். தவறினால் விமானப்படையின் தரைப்பணிப் பிரிவுகளில் முயலலாம், ராணுவத்துக்குப் போகலாம், கப்பலில்கூட ஏறலாம். விமானி இருக்கையில் மட்டும் உட்கார முடியாது. தோற்றவருக்கு வயது 19 ஆக இருந்தாலும் சரி, 23 ஆக இருந்தாலும் சரி, விதி ஒன்றுதான்.

இன்று அந்தத் தேர்வின் பெயர் கம்ப்யூட்டரைஸ்டு பைலட் செலக்‌ஷன் சிஸ்டம், சுருக்கமாக சி.பி.எஸ்.எஸ். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் இரண்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து இதை உருவாக்கின. ஒன்று டெல்லியில் உள்ள ராணுவ மனோதத்துவ ஆராய்ச்சிக் கழகம். மற்றது பெங்களூரில் உள்ள ஏ.டி.இ. என்ற விமானவியல் ஆய்வுக்கூடம். 2010இல் டேராடூனில் இது நடைமுறைக்கு வந்தது. மைசூர், வாரணாசி போன்ற இடங்களில் உள்ள வாரியங்களுக்கும் பரவியது. அதற்கு முன்பு பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்தது பி.ஏ.பி.டி. என்ற பைலட் ஆப்டிட்யூட் பேட்டரி டெஸ்ட். "பாப்டியில் போய்விட்டது" என்று சொன்னால், சர்வீஸ் குடும்பங்களில் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

பாப்டி மூன்று பகுதிகள் கொண்டது. முதலாவது காகிதத்தில். விமானத்தின் உயரமானி, வேகமானி, திசைகாட்டி, செயற்கை அடிவானம் போன்ற கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு சிறு புத்தகம் விளக்கும். அதைப் படித்து மனதில் வாங்கிக்கொண்டு, கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். பிறகு கருவிகளின் முள்கள் காட்டும் நிலையைப் பார்த்து, விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா, இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல வேண்டும். இதில் ஆங்கிலப் புலமைக்கோ பொது அறிவுக்கோ வேலை குறைவு. புதிய விஷயத்தை வேகமாகக் கற்று, கற்ற உடனே பயன்படுத்தத் தெரிகிறதா என்பதே கேள்வி.

மற்ற இரண்டும் இயந்திரங்களில். ஒன்றில், கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், காலுக்கு இரண்டு பெடல்கள். திரையில் ஓர் ஒளிப்புள்ளி நிலைகொள்ளாமல் அலையும். பெடலால் இடம் வலமாகவும் ஸ்டிக்கால் மேலும் கீழுமாகவும் இழுத்து அதை நடுவிலேயே நிறுத்திவைக்க வேண்டும். அப்படி நிறுத்திக்கொண்டிருக்கும்போதே திடீரென்று ஒரு விளக்கு எரியும், ஒரு மணி ஒலிக்கும். கையை எடுத்து உரிய நெம்புகோலைத் தட்டி அவற்றை அணைக்க வேண்டும். அதற்குள் புள்ளி ஓடியிருக்கும். இன்னொன்றில், ஓடிவரும் புள்ளிகளைக் கைப்பிடியின் அசைவால் துரத்திப் பிடிக்க வேண்டும். பதற்றத்தில் பிடியை முறுக்கினால் இரண்டு புள்ளி தவறிப்போகும். இந்தச் சோதனைகளின் பெயர்கள் எஸ்.எம்.ஏ., சி.வி.டி. பிரிட்டிஷ் விமானப்படையும் தன் தேர்வுகளுக்கு இதே பெயர்களைத்தான் வைத்திருந்தது. எங்கிருந்து வந்த சொத்து என்று தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. கணிப்பொறி வந்த பிறகும் இந்த அடிப்படை மாறவில்லை. கைகால் ஒருங்கிணைப்போடு, நினைவாற்றல், இட உணர்வு, ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கவனிக்கும் திறன் போன்றவற்றை அளக்கும் பகுதிகளும் சேர்ந்துகொண்டன.

இத்தனை கெடுபிடி ஏன்? விமானப்படையிடம் நேரான பதில் இருக்கிறது. ஒரு போர் விமானியை உருவாக்குவது நீண்ட, செலவு பிடித்த வேலை. ஹைதராபாத் அருகே துண்டிகலில் உள்ள விமானப்படை அகாடமியில் தொடங்கி, சிறிய பயிற்சி விமானம், அதன் பிறகு ஜெட், பிறகு பீதரில் ஹாக் என்று படிப்படியாகப் போகிறது பயிற்சி. ஒவ்வொரு படியிலும் எரிபொருள், உதிரி பாகங்கள், ஆசிரியரின் நேரம். பாதி வழியில் ஒருவர் தேறமாட்டார் என்று தெரிந்தால் அதுவரை செலவிட்டது அனைத்தும் வீண். அவருக்காக வேறொருவர் இடம் இழந்திருப்பார். எல்லாவற்றையும் விட, பணத்தால் ஈடுகட்ட முடியாத ஒன்றும் உண்டு. பயிற்சி விமானங்களும் விழுகின்றன. எச்.பி.டி.-32 தீபக் ரக விமானத்தில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த விமானப்படை, 2009 ஜூலையில் நடந்த விபத்துக்குப் பிறகு அந்த ரகத்தையே தரையிறக்கிவிட்டது.

தேர்வின் மீது இவ்வளவு பாரம் விழுந்ததற்கு அரசின் சாவதானமும் ஒரு காரணம். விமானப்படையின் விபத்துகளை ஆராய்ந்த லாஃபோன்டைன் கமிட்டி, நவீன ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று சொன்னது 1982இல். ஹாக் விமானத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2004இல். அது படையில் சேர்ந்தது 2008இல். இடைப்பட்ட 26 ஆண்டுகளில் மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து இறங்கிய இளைஞர்கள், நேராக அசுர வேகத்தில் தரையிறங்கும் மிக்-21 விமானத்தில் ஏறினார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டக்கூடியவர்களை முன்கூட்டியே பொறுக்கி எடுத்துத் தரும்படி ஜாய்ஸ்டிக்கும் பெடலும் கேட்டுக்கொள்ளப்பட்டன. ஒரு சோதனை இயந்திரத்திடம் எதிர்பார்க்கக்கூடிய அளவைத் தாண்டிய வேண்டுகோள் அது. மிக்-21 விமானம் 2025 செப்டம்பரில் சண்டிகரில் விடைபெற்றுக்கொண்டது.

பறப்பவரைத் தரையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்ற ஆசைக்கு விமானத்தின் வயதுதான். முதல் உலகப் போரில் குதிரை ஓட்டத் தெரிந்தவன் விமானமும் ஓட்டுவான் என்று நம்பினார்கள். பிரான்சில், ஆளை உட்காரவைத்து, எதிர்பாராத நேரத்தில் பக்கத்தில் துப்பாக்கியால் சுட்டு, கை எவ்வளவு நடுங்குகிறது, மூச்சு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்தார்கள். திடுக்கிடாதவன் நல்ல விமானி என்பது கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

விஷயம் விஞ்ஞானமானது இரண்டாம் உலகப் போரில். ஆண்டுக்கு 50,000 விமானங்கள் வேண்டும் என்று 1940 மே மாதம் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அறிவித்தார். விமானத்தைத் தொழிற்சாலை செய்துவிடும், ஓட்டுபவரை? 1941இல் ஜான் ஃபிளானகன் என்ற மனோதத்துவ நிபுணரின் தலைமையில் ஒரு திட்டம் தொடங்கியது. அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட ஆயிரம் பேரின் கோப்புகளைப் புரட்டியது. ஏன் நீக்கினார்கள் என்று பார்த்தால், "பறக்கும் இயல்பு இல்லை", "மனப்போக்கு சரியில்லை", "முன்னேற்றம் போதாது" என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்திய மாதிரி வாக்கியங்கள். இவற்றை வைத்துக்கொண்டு எந்தச் சோதனையையும் வடிவமைக்க முடியாது. என்ன செய்தான், என்ன செய்யத் தவறினான், எப்போது என்று துல்லியமாகக் கேட்கத் தொடங்கினார் ஃபிளானகன். மனோதத்துவப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்ற ஒரு முறை இப்படித்தான் பிறந்தது.

அவரது குழுவினர் காகிதத் தேர்வுகளையும் இயந்திரச் சோதனைகளையும் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் 1 முதல் 9 வரை ஒரே ஒரு மதிப்பெண் கொடுத்தார்கள். அதன் பெயர் ஸ்டேனைன். விளைவு பிரமிக்கவைத்தது. ஆரம்பப் பயிற்சியில், 9 பெற்றவர்களில் நூற்றுக்கு 4 பேர்தான் நீக்கப்பட்டார்கள். 1 பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேர். தேர்வின் வரலாற்றில் இவ்வளவு சீரான படிக்கட்டு அபூர்வம்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. எந்த நாட்டு ராணுவமும் பிறகு துணியாத ஒரு காரியத்தைச் செய்தார்கள். 1943இல், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படியே பயிற்சிக்கு அனுப்பினார்கள். சாதாரணமாக வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும் ஆட்களும் அதில் இருந்தார்கள். பெரும்பாலோர் இடையிலேயே வெளியேற்றப்பட்டார்கள். மதிப்பெண்ணுக்கும் தேர்ச்சிக்கும் உள்ள ஒட்டுறவு 0.64 என்று வந்தது. சம்பந்தமே இல்லை என்றால் பூஜ்யம், அச்சுப் பிசகாத பொருத்தம் என்றால் 1 என்ற அளவுகோலில் இது மிகப் பெரிய எண்.

இந்தப் பரிசோதனையின் உண்மையான பயன் வேறொரு இடத்தில் இருந்தது. ராபர்ட் தார்ண்டைக் என்ற நிபுணர் 1949இல் வெளியிட்ட புத்தகத்தில் அதை விளக்கினார். பயிற்சிக்குப் போன 1,036 பேரில், போரின் இறுதியில் நடைமுறையில் இருந்த கறாரான விதிப்படி பார்த்தால் 136 பேர் மட்டுமே தேறியிருப்பார்கள். அந்த 136 பேரை மட்டும் தனியாக எடுத்து அதே கணக்கைப் போட்டால் ஒட்டுறவு 0.18 ஆகச் சரிந்தது. ஜாய்ஸ்டிக்கும் பெடலும் கொண்ட இயந்திரச் சோதனையின் கதி இன்னும் மோசம். முழுக் கூட்டத்தில் 0.40 காட்டிய அது, பொறுக்கி எடுத்த 136 பேரிடம் பூஜ்யத்துக்கும் சற்றுக் கீழே போய்விட்டது.

சோதனை மாறவில்லை, மனிதர்களும் மாறவில்லை. பார்க்கும் ஜன்னல் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். மாநிலக் கூடைப்பந்து அணியில் உள்ளவர்களை மட்டும் பார்த்தால், ஓர் அங்குலம் கூடுதல் உயரத்துக்கும் எடுக்கும் புள்ளிகளுக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றாது. அதனால் கூடைப்பந்துக்கு உயரம் தேவையில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லா விமானப்படைகளும் தேறியவர்களை மட்டுமே பயிற்சிக்கு அனுப்புகின்றன. தோற்றவர்கள் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே தேர்வு பயனற்றது என்று வாதிடுகிறவர்களும், மிகப் பிரமாதம் என்று வாதிடுகிறவர்களும் பாதிப் படத்தை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறார்கள்.

அமெரிக்கத் திட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சிறப்பாக வேலை செய்த தேர்வுகளில் ஒன்று, வெறும் பொது அறிவுக் கேள்விகள். விமானங்கள், கார்கள், விளையாட்டு பற்றியவை. முழுக் கூட்டத்தில் அது 0.46 காட்டியது, அதாவது இயந்திரச் சோதனையை விட அதிகம். காரணத்தை ஊகிப்பது கஷ்டமில்லை. விமானி ஆக வேண்டும் என்று சிறு வயது முதல் ஏங்கியவன்தான் விமானத்தைப் பற்றித் தேடிப் படித்திருப்பான். அந்தக் கேள்விகள் அறிவை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆசையை அளந்தன. ஆனால் விடைகள் வெளியே கசிந்த மறுநாளே இந்த மாதிரித் தேர்வு செத்துவிடும். இயந்திரச் சோதனைகளும் சிரஞ்சீவி அல்ல. எல்லா மையங்களிலும் அவற்றை ஒரே மாதிரிப் பராமரிக்க முடியவில்லை என்று 1955இல் அமெரிக்க விமானப்படை அவற்றையே கைவிட்டது. மலிவான கணிப்பொறிகள் வந்த பிறகுதான் அவை திரும்பி வந்தன. ஜெர்மனியில் நிலைமை இன்னும் விசித்திரம். மனோதத்துவத் தேர்வுகளை மிக விரிவாக நடத்திய அந்த நாட்டின் விமானப்படை, 1942இல் போரின் நடுவே தன் மனோதத்துவப் பிரிவையே கலைத்துவிட்டது.

பின்னாளில் உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர் நார்வேயின் மோனிகா மார்ட்டினுசன். 11 நாடுகளின் 50 ஆய்வுகளை அலசி 1996இல் அவர் தந்த கணக்கில், பல சோதனைகளைச் சேர்த்த கூட்டு மதிப்பெண்ணுக்கு 0.37. முன்பே பறந்த அனுபவத்துக்கு 0.30. கைகால் ஒருங்கிணைப்புக்கும் சிந்தனைத் திறன்களுக்கும் அதற்குக் கீழே. வெறும் புத்திக்கூர்மைத் தேர்வுக்கு 0.16. பள்ளி, கல்லூரி மதிப்பெண்ணும், ஆளுமைத் தேர்வும் அதையும் விடக் குறைவு. பிளஸ் டூவில் எவ்வளவு என்று கேட்டு மகிழும் பெற்றோர் இந்த வரிசையைக் கவனிப்பது நல்லது.

0.37 என்றோ 0.40 என்றோ சொன்னால் சாதாரணமாக எதுவும் புரியாது. ஆட்களின் எண்ணிக்கையாக மாற்றினால்தான் வலி தெரியும். டெய்லர், ரஸல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1939இல் இதற்கென்றே அட்டவணைகள் தயாரித்தார்கள். 100 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரையும் பயிற்சிக்கு அனுப்பினால் 50 பேர் தேறுவார்கள். இடம் இருப்பதோ 20 பேருக்கு. சீட்டுக் குலுக்கி எடுத்தால் அந்த 20இல் 10 பேர் விமானிகளாவார்கள். 0.40 ஒட்டுறவுள்ள ஒரு தேர்வை வைத்து முதல் 20 பேரை எடுத்தால், தேறுகிறவர்கள் 73 சதவீதமாக உயர்வார்கள், அதாவது சுமார் 15 பேர். பத்துக்குப் பதில் பதினைந்து. விமானப்படைக்கு இது கொள்ளை லாபம். வீணாகும் பயிற்சி பாதியாகக் குறைகிறது. ஒரு விபத்தாவது தவிர்க்கப்பட்டிருக்கலாம்.

இப்போது கணக்கின் மறுபக்கம். பறக்கக்கூடிய 50 பேரில் 15 பேர் உள்ளே போய்விட்டார்கள். மீதி 35 பேர் எங்கே? திருப்பி அனுப்பப்பட்ட 80 பேரில் கலந்திருக்கிறார்கள். பயிற்சி கொடுத்திருந்தால் நல்ல விமானிகளாகியிருப்பார்கள். அவர்கள் யார் என்பது வாரியத்துக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. இதில் யாருடைய மோசடியும் இல்லை. இடம் குறைவாகவும் தேர்வு நடுத்தரமாகவும் இருக்கும் எந்த இடத்திலும் இதுதான் நடக்கும். தேர்வு அமைப்பின் கண்ணோட்டத்தில் பார்த்தால், உள்ளே வந்து தோற்கும் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம். வெளியே நின்றுவிட்ட 35 பேர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராத நஷ்டம்.

வெட்டுக்கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே நின்றவர்களில் இந்தியாவின் மிகப் பிரபலமான மனிதர் ராமேஸ்வரத்துக்காரர். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்துவிட்டு, விமானியாகும் கனவோடு டேராடூன் தேர்வு வாரியத்துக்குப் போனார் அப்துல் கலாம். 25 பேர் வந்திருந்தார்கள், 8 பேருக்கு இடம். அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம். மனம் உடைந்து ரிஷிகேசத்துக்குப் போனதையும் அங்கே சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததையும் அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எட்டாவது ஆளுக்கும் ஒன்பதாவது ஆளுக்கும் இடையில் இருந்த வித்தியாசம், எந்த அளவுகோலின் பிழை வரம்புக்குள்ளும் அடங்கிவிடக்கூடியது. கலாமுக்கு டெல்லியில் வேறொரு வேலை காத்திருந்தது, நாட்டுக்கு ராக்கெட் கிடைத்தது. ஒன்பதாவதாக வரும் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை.

இந்த இடத்தில்தான் ஒரே முறை என்ற விதி உறுத்துகிறது. அதற்குப் பின்னால் ஒரு தர்க்கம் இல்லாமல் இல்லை. ஜாய்ஸ்டிக் சோதனையை இரண்டாம் முறை செய்யும் யாரும் முதல் முறையை விட நன்றாகச் செய்வார்கள். அது பழக்கத்தால் வந்த உயர்வு, பறக்கும் திறனில் வந்த உயர்வு அல்ல. முதல் முறை பார்ப்பவரையும் மூன்றாம் முறை பார்ப்பவரையும் ஒரே தராசில் நிறுத்தினால் தராசு கெட்டுப்போகும். புதிய ஒன்றை எவ்வளவு வேகமாகக் கற்கிறார் என்பதை அளக்கும் தேர்வில், அது புதிதாக இருப்பதுதான் உயிர்நாடி.

தர்க்கம் சரிதான், ஆனால் அது நிற்கும் தரை இப்போது கரைந்துவிட்டது. டேராடூன், சண்டிகர், பெங்களூர் என்று ராணுவத் தேர்வுக்குப் பயிற்சி தரும் நிலையங்கள் மலிந்திருக்கின்றன. ஜாய்ஸ்டிக்கும் பெடலும் வைத்து, வாரியத்தில் இருப்பதைப் போன்ற ஏற்பாட்டில் பழகவைக்கிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். வீட்டுக் கணிப்பொறியில் பழகுவதற்கும் மென்பொருள் கிடைக்கிறது. பணமும் தகவலும் உள்ள குடும்பத்துப் பிள்ளை, வாழ்நாளின் முதல் முறையாக சி.பி.எஸ்.எஸ். எதிரே உட்காரும்போது, உண்மையில் அது அவருக்கு ஐம்பதாவது முறை. சிவகங்கையிலிருந்தோ சம்பல் பள்ளத்தாக்கிலிருந்தோ வருகிறவருக்குத்தான் அது நிஜமாகவே முதல் முறை. சம வாய்ப்புக்காகப் போட்ட விதி, சமமில்லாததைக் கெட்டியாகப் பூட்டிவைக்கும் விதியாக மாறிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க விமானப்படை இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளிக்கிறது. அங்கேயும் ஜாய்ஸ்டிக், பெடல், காதில் ஒலிக்கும் எண்களைக் கவனித்துக்கொண்டே குறியைத் துரத்துவது எல்லாம் உண்டு. ஆனால் அந்த மதிப்பெண் தனியாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. எழுத்துத் தேர்வின் மதிப்பெண்ணோடும், ஏற்கனவே பறந்த மணி நேரங்களோடும் சேர்த்து 1 முதல் 99 வரை ஒரே எண்ணாக்குகிறார்கள். ஒன்றில் சறுக்கியவர் இன்னொன்றில் ஈடுகட்டலாம். இடைவெளி விட்டு மறுபடி எழுதவும் வரம்புக்கு உட்பட்டு அனுமதி இருக்கிறது. குறையும் உண்டு. பறந்த நேரத்துக்கு மதிப்பெண் கொடுத்தால், பணம் கட்டி கிளப்பில் பறந்தவருக்கு லாபம். இருந்தாலும் கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதில்லை.

இந்திய விமானப்படைக்கு ஆட்கள் மிதமிஞ்சிக் கிடக்கிறார்கள் என்றால் இந்த வாதமே வேண்டாம். மத்திய தணிக்கைத் துறையின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 2015 பிப்ரவரியில் 486 விமானிகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்ட விமானப்படை, 2016 முதல் 2021 வரை ஆண்டுதோறும் 222 பேரைப் பயிற்சியில் சேர்க்கத் திட்டமிட்டது. அந்த எண்ணிக்கையை எட்ட முடியவில்லை. 2021 முடிவில் பற்றாக்குறை 596 ஆகக் கூடியிருந்தது. இதற்கு சி.பி.எஸ்.எஸ். மட்டுமே காரணம் என்று சொன்னால் அபாண்டம். பயிற்சி விமானங்கள், நிலையங்கள், ஆட்களை ஈர்க்கும் தனியார் விமான நிறுவனங்கள் என்று பட்டியல் நீளம். ஆனால் 596 நாற்காலிகள் காலியாக இருக்கும் வீட்டில், சென்ற முறை ஒரு நாள் சரியாகச் செய்யாதவரை மறுபடி ஒரு தடவை பார்ப்பதால் என்ன குறைந்துவிடும் என்ற கேள்வி நியாயமானதே.

தேர்வைத் தாண்டியவருக்கும் நிம்மதி உடனே வந்துவிடாது. அடுத்தது மருத்துவப் பரிசோதனை. உயரம் 162.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, காலின் நீளம் 99 செ.மீ. முதல் 120 செ.மீ. வரை, உட்கார்ந்த நிலையில் உயரத்துக்கும் தொடைக்கும் தனி வரம்புகள். பெடல் எட்டவும் வேண்டும், ஆபத்தில் இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முட்டி இடிக்காமல் இருக்கவும் வேண்டும். இந்தக் கறார் இந்திய விமானப்படையைப் போலவே பழையது. 1932இல் படை பிறந்தபோது கிரான்வெல்லில் பயின்று வந்த ஆறு இந்தியர்களில் ஐவர் விமானிகளானார்கள். ஆறாமவர் உயரம் போதாமல் தளவாடப் பணிக்குப் போனார்.

இதற்கிடையே விமானமே மாறிவிட்டது. 2020இல் அம்பாலாவில் படையில் சேர்ந்த ரஃபேல் போன்ற விமானத்தில், காற்றில் நிலையாக நிற்கவைக்கும் வேலையைக் கணிப்பொறி பார்த்துக்கொள்கிறது. விமானி பார்க்க வேண்டியது ரேடார், ஏவுகணை, எதிரியின் மின்னணுக் குறுக்கீடு, சக விமானிகளின் குரல்கள். ஒளிப்புள்ளியை நடுவில் நிறுத்தும் கை இன்றும் தேவைதான். ஆனால் ஐந்து விஷயங்களில் எதை இப்போது விட்டுவிடலாம் என்று தீர்மானிக்கும் தலை அதைவிட அதிகமாகத் தேவை. வெளிநாட்டுத் தேர்வுகளில் சிந்தனைத் திறன், பல வேலை ஒருங்கிணைப்பு ஆகியவற்றின் பங்கு கூடிவருவதற்கு இதுதான் காரணம். விமானிகளின் தேர்ச்சியை முன்கூட்டிச் சொல்வதில் பெரும் பங்கு பொதுவான அறிவுத்திறனுக்கே என்று அமெரிக்க விமானப்படையின் ஆராய்ச்சியாளர்கள் ரீ, கரெட்டா இருவரும் விடாமல் வாதிட்டிருக்கிறார்கள். இது மார்ட்டினுசன் கணக்கோடு மோதுவது போலத் தெரியும். ஏற்கனவே புத்திசாலிகளைப் பொறுக்கி எடுத்த கூட்டத்தில் புத்திக்கூர்மையின் ஒட்டுறவு குறைவாகத்தான் தெரியும் என்பது இங்கும் பொருந்தும்.

தேர்வுகள் எதை முன்கூட்டிச் சொல்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. அவை சொல்வது பயிற்சியில் தேறுவாரா என்பதை மட்டுமே. பத்து ஆண்டு கழித்து மேகமூட்டமான இரவில் எரிபொருள் குறைந்துகொண்டிருக்கும்போது என்ன முடிவெடுப்பார் என்பதை அல்ல. பயிற்சித் தேர்ச்சியே ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும் அளவுகோல். முதல் சில வாரங்கள் வயிற்றைப் புரட்டி வாந்தியெடுத்தவர் பிறகு பழகிப் பிரமாதமாகப் பறப்பதும் உண்டு.

ராணுவத்தில் தேர்வு மிகக் கறார் என்றால், சிவில் விமானத் துறையில் நிலைமை நேர் எதிர். ரே பரேலி அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, எழுத்துத் தேர்வும் நேர்முகமும் தவிர திறன் சோதனையும் வைத்துத்தான் ஆளை எடுக்கிறது. பெரிய விமான நிறுவனங்களின் பயிற்சித் திட்டங்களிலும் சோதனை உண்டு. ஆனால் திறன் சோதனை சட்டப்படி கட்டாயமில்லை. மருத்துவச் சான்றும் பணமும் இருந்தால், பயிற்சிப் பள்ளிகளில் சேர்ந்துவிடலாம். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். மொத்தச் செலவு அரைக் கோடி ரூபாய்க்குக் குறையாது. வீட்டை அடமானம் வைத்தும் நிலத்தை விற்றும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்குக் கைகால் ஒருங்கிணைப்பு வரவில்லை என்பது எண்பதாவது மணி நேரத்தில் தெரியவரலாம். அதைச் சொல்வதில் பள்ளிக்கு அவசரம் எதுவும் இருக்காது. கட்டணம் மணிக் கணக்கில் வருகிறது.